மானுக்குச் சுண்ணாம்பு: எத்தனை மூட்டை?

வாசகர் கேள்வி, 2023 பிப்ரவரி 4

ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்குக் கிழக்கே கொஞ்சம் காடு வாங்கியிருக்கிறேன். நடுவில் அரை ஏக்கரைத் திருத்தி, மான்களுக்காகப் போன செப்டம்பரில் க்ளோவர் (மூவிலைத் தீவனச் செடி) விதைத்தேன். முளைத்தது, விரல் உயரம் வந்தது, மஞ்சளாகி அப்படியே நின்றுவிட்டது. விதைக் கடையில் சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள். எத்தனை மூட்டை போட வேண்டும்? சுண்ணாம்பில் கால்சியம் இருப்பதால் கிடா மானுக்குக் கொம்பு பெரிதாகும் என்கிறார்களே, உண்மையா?

பிப்ரவரி 4, இரவு

மண் சோதனை செய்தீர்களா? செய்யவில்லை என்றால் மூட்டைக் கணக்கு யார் சொன்னாலும் அது ஜோசியம்.

கவுன்டி எக்ஸ்டென்ஷன் (வேளாண் விரிவாக்க) அலுவலகத்தில் பை தருவார்கள். துண்டு நிலம் முழுக்கப் பத்துப் பதினைந்து இடத்தில், ஆறு அங்குல ஆழம் வரை மண் எடுத்து, வாளியில் கலந்து, அதிலிருந்து ஒரு பை கொடுங்கள். ஒரு பிரியாணி செலவுதான். நானும் அதே செம்மண் பட்டையில், நண்பர்களோடு குத்தகைக்கு எடுத்த வேட்டைக் காட்டில் இந்தக் கூத்தெல்லாம் செய்கிறேன். ஜார்ஜியாவின் இந்த மலையடிவாரப் பீட்மான்ட் மண் நம் ஊர்ச் செம்மண் போலவே கண்ணுக்குத் தெரியும். குணம் வேறு. லட்சக்கணக்கான வருட மழையில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்து போய், பைன் மரம் நிற்கிற இடங்களில் பிஎச் (அமிலத்தைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) ஐந்தை ஒட்டித்தான் இருக்கும். க்ளோவருக்கு ஆறு முதல் ஆறரை வேண்டும்.

கொம்பு விஷயம் கதை. நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

கொம்பு. அதில் கால்சியமும் பாஸ்பரஸும் நிறைய இருப்பது உண்மைதான். ஆனால் வசந்தத்திலிருந்து ஆகஸ்ட் வரை கொம்பு வளரும் வேகத்துக்கு அன்றாடத் தீனியில் கிடைப்பது போதாது. மான் தன் விலா எலும்பு போன்றவற்றிலிருந்தே தாதுவை இறக்கிக் கொம்புக்கு அனுப்பிவிட்டு, பிறகு மெதுவாக எலும்பை நிரப்பிக்கொள்கிறது. கொம்பின் அளவை முடிவு செய்வது வயது, மொத்தத் தீனி, பரம்பரை. மூன்றிலும் வயதுதான் நம் கையில் இருப்பது. ஒன்றரை வயதுக் கிடாவைச் சுடாமல் விட்டால் எந்தச் சுண்ணாம்பும் செய்யாத வேலையை அது செய்யும்.

மண்ணில் வேலை செய்வதும் கால்சியம் அல்ல, கார்பனேட். கால்சியம் கார்பனேட் மண்ணின் அமிலத்தோடு சேர்ந்து தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடுமாகப் போகிறது. அமிலம் குறைவது அதனால்தான். ஜிப்சத்திலும் கால்சியம் உண்டு, ஆனால் அது சல்பேட். லாரி லாரியாகக் கொட்டினாலும் பிஎச் ஏறாது.

இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டு விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு "மண்ணைச் சரிசெய்" என்றாலே ஜிப்சம்தான் நினைவுக்கு வரும். அது களர் நிலத்து வைத்தியம்; சோடியத்தை விரட்டுவதற்கு. இங்கே நோயே நேரெதிர்.

பிப்ரவரி 19

கேள்வி கேட்ட நண்பர் சோதனை அறிக்கையைத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார். "பிஎச் 4.5, என் நிலம் செத்துவிட்டதா?" என்று பதறுகிறார்.

சாகவில்லை. ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வகம் தண்ணீரில் அளப்பதில்லை, நீர்த்த கால்சியம் குளோரைடு கரைசலில் அளக்கிறது. அதில் எண் 0.6 அளவுக்குக் குறைவாக வரும். அறிக்கையில் பக்கத்திலேயே தண்ணீர்க் கணக்கும் இருக்கும், பாருங்கள்: 5.1. விதைப் பையில் போட்டிருக்கும் ஆறு, ஆறரை எல்லாம் தண்ணீர்க் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தேவைக்கு மேல் சுண்ணாம்பு கொட்டியவர்களை எனக்குத் தெரியும்.

5.1 நல்ல எண்ணும் அல்ல. பிஎச் ஒரு புள்ளி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. ஐந்தரைக்குக் கீழே போகப் போக மண்ணிலிருக்கும் அலுமினியம் கரைந்து வெளியே வந்து வேர் நுனியைக் கருக்குகிறது. நீங்கள் போட்ட பாஸ்பரஸை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். க்ளோவர் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவும் அமிலத்தில் முடங்கும், அதற்கு வேண்டிய மாலிப்டினமும் கிடைக்காது. தழைச்சத்தைத் தானே காற்றிலிருந்து எடுக்க வேண்டிய செடி அதை எடுக்க முடியாமல் நின்றால் மஞ்சளாகாமல் என்ன செய்யும்?

பரிந்துரை: ஏக்கருக்கு இரண்டு டன். அமெரிக்க டன், அதாவது 2000 பவுண்டு.

பிப்ரவரி 19, கொஞ்ச நேரம் கழித்து

மூட்டைக் கணக்கு கேட்டீர்களே. இரண்டு டன் என்பது 4000 பவுண்டு. கடை மூட்டை 40 பவுண்டு. ஏக்கருக்கு நூறு மூட்டை. ஏக்கருக்கு நூறு சென்ட். ஆக சென்ட்டுக்கு ஒரு மூட்டை! எக்ஸெல் தேவையில்லை. உங்கள் அரை ஏக்கருக்கு ஐம்பது மூட்டை.

பிப்ரவரி 21

"மூட்டையில் வருவது குருணைச் சுண்ணாம்பு, அதற்குச் சக்தி அதிகம், ஐந்தில் ஒரு பங்கு போட்டால் போதும் என்று கடையில் சொன்னார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்.

இந்தப் புரளி சாகவே சாகாது. குருணை என்பது நைசாக அரைத்த அதே சுண்ணாம்புக் கல், உருண்டை பிடிக்க ஒரு பசை சேர்த்தது. மழை பட்டால் உடைந்து தூளாகிறது. நைசாக இருப்பதால் சீக்கிரம் வேலை செய்யும், அவ்வளவுதான். ஒரு பவுண்டு கார்பனேட் ஒரு பவுண்டு கார்பனேட்டின் வேலையைத்தான் செய்யும். திரவச் சுண்ணாம்பும் அதே கதை: தூளைத் தண்ணீரில் கலக்கி, தண்ணீருக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள்.

மூட்டையில் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான நடுநிலையாக்கும் திறன் எத்தனை சதவீதம் என்பது. சுத்தமான கால்சைட் (கால்சியம் கார்பனேட் கல்) 100, டோலமைட் (மக்னீசியமும் சேர்ந்த சுண்ணாம்புக் கல்) 108 வரை, நீற்றிய சுண்ணாம்பு 135 வாக்கில். 80 என்று போட்டிருந்தால் ஒரு டன்னுக்குப் பதில் ஒன்றே கால் டன் போட வேண்டும். இரண்டு, எவ்வளவு நைசு. அங்குலத்துக்கு 60 கண் உள்ள சல்லடையில் இறங்கும் தூள் ஒரு வருடத்துக்குள் கரைந்து வேலையை முடித்துவிடும். ரவை மாதிரி இருப்பது வருடக்கணக்கில் இழுக்கும். பெருமணல் அளவு இருப்பது கிட்டத்தட்ட ஜல்லிதான்.

பிப்ரவரி 26

அப்படியானால் ஏன் குருணை வாங்க வேண்டும், குவாரித் தூளே போதுமே என்று கேட்கலாம். விலையில் பெரிய வித்தியாசம். ஐம்பது மூட்டைக்கு 250, 300 டாலர் ஆகும், அதே ஒரு டன் தூள் அதில் கால்வாசிக்குள் அடங்கும். ஆனால் தூளை இருபது டன் ஏற்றிய இறைப்பு லாரியில்தான் கொண்டுவருவார்கள். காட்டுக்குள் அரை ஏக்கருக்கு அந்த லாரி வராது. வந்தால் திரும்பிப் போகாது. எங்கள் குத்தகைக் காட்டில் மழை பெய்த மறுவாரம் ஒரு லாரியை உள்ளே கூப்பிட்டார்கள். அதை வெளியே இழுக்க ஒரு டிராக்டர், அந்த டிராக்டரை இழுக்க இன்னொன்று. ஓட்டுநர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

நான்கு சக்கர பைக்கின் பின்னால் மாட்டும் கூம்பு இறைப்பானில் தூளைப் போட்டால் கூம்பிலேயே கட்டிப் பாலம் போட்டு நின்றுவிடும். குருணை மட்டும்தான் ஒழுங்காக விழும். மானுக்காகத் துண்டு நிலம் விதைப்பவர்கள் குருணைக்குத் தரும் அதிக விலை பாதை இல்லாததற்கான விலை. வேதியியலுக்கு அதில் பங்கில்லை.

மார்ச் 5

ஐம்பது மூட்டையும் இறைத்துவிட்டாராம். இடுப்பு வலிக்கிறதாம். வலிக்கும்.

அடுத்த வேலையை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். குருணை போட்ட அன்றே டிஸ்க் கலப்பை ஓட்டினால் உருண்டைகள் உருண்டையாகவே புதைந்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கடலை அளவு மண் மட்டும் திருந்தும். ஒரு நல்ல மழை விட்டு, உருண்டை கரைந்த பிறகு ஓட்டுங்கள். ஆனால் ஓட்டத்தான் வேண்டும். களிமண்ணின் மேலே கிடக்கும் சுண்ணாம்பு வருடத்துக்கு ஓர் அங்குலம் இறங்கினால் அதிகம். வேரோ ஆறு அங்குலத்தில் இருக்கிறது.

மேலே கிடக்கும்போது யூரியாவை அதன்மேல் வீசாதீர்கள். அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

மார்ச் 12

குன்னூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "எங்கள் தோட்டத்துக் கேரட்டைக் கடமான் தின்னாமல் இருக்க ராத்திரி முழுக்கத் தகரம் தட்டுகிறோம். நீங்கள் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு சுமந்து மானை வரச்சொல்லி விதைக்கிறீர்களா?"

ஆமாங்க. பதில் இல்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் பயனுள்ளது. தேயிலைக்குக் கவாத்து ஆண்டை ஒட்டி டோலமைட் போடுகிறார்கள். தேயிலை அமிலம் விரும்பும் செடி, நாலரை முதல் ஐந்தரை போதும். அதற்குக் கீழே இறங்காமல் பிடித்து நிறுத்தத்தான் அங்கே டோலமைட். இதே 5.1 மண்ணை அவரிடம் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிடுவார். மண் மோசம் என்பது யார் எதை விதைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இந்தியாவில் மானைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். தெரியும். இங்கே கதை வேறு. நூறு வருடத்துக்கு முன்னால் வடக்கு ஜார்ஜியா மலையில் மானே இல்லை. ஆர்தர் வுடி என்ற வனக்காவலர் 1920களில் சொந்தக் காசில் குட்டிகளை வாங்கி வளர்த்துக் காட்டில் விட்டார். இன்று சாலையில் காரில் அடிபடும் அளவுக்குப் பெருகியிருக்கிறது. ஓநாயும் மலைச் சிங்கமும் இல்லாத இடத்தில் வேட்டைதான் அதன் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறது. இதற்குமேல் வாதம் வேண்டாம், இழை சுண்ணாம்பைப் பற்றியது.

மார்ச் 14

டெக்சஸ் நண்பர்: "எனக்கு டல்லாஸ் பக்கம் கரிசல் மாதிரி கறுப்பு மண். நானும் இரண்டு டன் போடட்டுமா?"

வேண்டாம்! அந்த மண் சுண்ணாம்புப் பாறையிலிருந்தே வந்தது. பிஎச் எட்டு வாக்கில் இருக்கும். ஒரு கைப்பிடி மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதன்மேல் இன்னும் போட்டால் இரும்பும் துத்தநாகமும் கிடைக்காமல் இளந்தழை வெளுக்கும். அப்படி வெளுப்பதைப் பார்த்து "அமிலம் போலிருக்கிறது" என்று மறுபடி சுண்ணாம்பு போடுகிறவர்கள் உண்டு.

உங்கள் ஊருக்கு ஒரு நல்ல செய்தி. டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரியோ வெர்டே என்ற ரகத்தை மானுக்காக விதைக்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, நம் அவரை. மான் வருவதற்கு முன்னால் கூட்டுக்குப் பறித்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 2

நேற்று இரவு தூக்கம் வராமல் பழைய மண் வரலாறு படித்தேன். திசை மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் அமில மண்ணைச் சுண்ணாம்பால் திருத்தலாம் என்று முறையாகச் சோதித்துக் காட்டியவர் வர்ஜீனியாவின் எட்மண்ட் ரஃபின். 1818இல் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் புதைந்து கிடந்த பழங்காலச் சிப்பி மண்ணைத் தோண்டி, ஓய்ந்துபோன வயலில் போட்டார். சோளம் துள்ளி எழுந்தது. அந்த மண்ணைத் தோண்டிச் சுமந்தவர்கள் அவருடைய அடிமைகள். ரஃபின் அடிமைமுறையின் தீவிர ஆதரவாளர். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய சம்டர் கோட்டைமேல் முதல் குண்டுகளில் ஒன்றைச் சுட்டவர் என்று பெயர் வாங்கியவர். தெற்கு தோற்றதும் 1865இல் தன்னையே சுட்டுக்கொண்டார்.

அந்தப் போரில் வென்றவரின் பெரிய சிலை வாஷிங்டனில் இருக்கிறதல்லவா, 1922இல் திறந்தது, அந்த லிங்கன் உட்கார்ந்திருப்பது ஜார்ஜியா வெள்ளைப் பளிங்கில். பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். அரைத்துப் போட்டால் க்ளோவர் வரும். ரஃபினுக்கு இது தெரிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன்.

ஏப்ரல் 9

"வெற்றிலைச் சுண்ணாம்பு, வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு, இதெல்லாம் போடலாமா, சீக்கிரம் வேலை செய்யுமாமே?"

செய்யும். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றினால் வருவது ஹைட்ராக்சைடு. வேகமும் வீரியமும் அதிகம். கண்ணில் பட்டால் கண் போகும், நாற்றில் பட்டால் நாற்று கருகும். அரை ஏக்கருக்குச் சீராக இறைக்கவும் முடியாது. மானுக்கு என்ன அவசரம்?

அடுப்புச் சாம்பலையும் ஒருவர் கேட்டார். மரச்சாம்பலுக்குச் சுண்ணாம்பில் பாதி வலு இருந்தால் பெரிது. பொட்டாஷ் கூடுதல் லாபம். உங்கள் வீட்டுக் கணப்பில் வருஷம் முழுக்கச் சேர்வது ஒரு மூலைக்குக் காணும்.

மே 21

சுண்ணாம்பு முழு வேலை செய்ய மாதங்கள் ஆகும் என்பதால், நடுவில் கோடைக்குத் தட்டைப்பயறு விதையுங்கள் என்று கேள்வி கேட்ட நண்பருக்குத் தனி மடலில் சொல்லியிருந்தேன். இங்கே அயர்ன் கிளே என்ற ரகம் கிடைக்கும். அமிலத்தைத் தாங்கும், வெயிலைத் தாங்கும். மானைத்தான் தாங்காது.

விதைத்தாராம். கம்பி வலையை வட்டமாக வளைத்து மூன்றடிக் கூண்டு ஒன்றும் நட்டுவைக்கச் சொன்னேன். அது அவசியம். கூண்டு இல்லாவிட்டால் செடி வரவில்லையா, வந்து தின்னப்பட்டதா என்று தெரியாது.

ஜூன் 18

கூண்டுக்குள்ளே முழங்கால் உயரம். வெளியே குச்சி.

மண் தப்பில்லை என்பது இதிலேயே தெரிகிறது. அரை ஏக்கர் பயறு என்பது நாலைந்து மானுக்கு ஒரு வாரப் பந்தி. எங்கள் காட்டிலும் சின்னத் துண்டுகளில் பயறு இரண்டாம் வாரம் தாண்டுவதில்லை. குறைந்தது இரண்டு மூன்று ஏக்கர் இருந்தால்தான் பயறு தலை தூக்கும்.

ஜூலை 9

இரண்டாம் யோசனை. மொத்தத்தையும் திரும்பப் படித்தேன். சுண்ணாம்பு சுண்ணாம்பு என்று எழுதுகிறோமே, இது எல்லாருக்கும் வேண்டுமா என்பதை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

மான் சாப்பாட்டில் பெரும்பகுதி காட்டுத் தழைதான். பிளாக்பெர்ரி, கிரீன்பிரையர், போக்வீட். இவையெல்லாம் இதே 5.1 மண்ணில் ஒரு மூட்டையும் கேட்காமல் வளர்கின்றன. கேட்பது வெயில் மட்டும். பயனில்லாத சில மரங்களை வெட்டித் தரையில் வெளிச்சம் விழவைத்தால் இரண்டு வருடத்தில் கிடைக்கும் தீனி எந்தத் துண்டையும் தோற்கடிக்கும். இன்னொன்று: வெள்ளை ஓக் நன்றாகக் காய்க்கிற வருஷத்தில் அக்டோபரில் உங்கள் க்ளோவரை மான் திரும்பிக்கூடப் பார்க்காது. மரத்தடியில் நிற்கும்.

வேட்டைக் காலத்தில் மான் ஓரிடத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான் என்றால் ஓட்ஸும் ரை தானியமும் போதும். ரை ஐந்து சொச்சத்திலும் வளரும். சுண்ணாம்பை ஒரு வருடம் தள்ளிப்போடலாம். வருடா வருடம் நிற்கும் க்ளோவர் வேண்டும் என்றால் மட்டும் சுண்ணாம்புக்கு மாற்று இல்லை. விதைப் பையில் பெரிய கொம்பு மான் படம் போட்டிருக்கும். பையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் பிஎச் போட்டிருக்கும். பின்பக்கம் படியுங்கள்.

ஜூலை 10

"அப்போ என் ஐம்பது மூட்டை?" என்கிறார். வீண் இல்லை ஐயா. உங்களுக்கு க்ளோவர்தானே வேண்டும்.

செப்டம்பர் 17

கிரிம்சன் க்ளோவர், லடினோ வெள்ளைக் க்ளோவர், துணைக்கு ஓட்ஸ் விதைத்துவிட்டாராம். விதையில் ரைசோபியம் பூசியிருக்கிறதா என்று பார்த்தீர்களா? சிலவற்றில் பூசியே வரும். இல்லையென்றால் க்ளோவருக்கானதைத் தனியாக வாங்கிக் கலக்க வேண்டும். பயறுக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறது என்று அதைக் கலக்காதீர்கள், பாக்டீரியா வேறு. க்ளோவரை ஆழமாகப் புதைக்கவும் வேண்டாம், கால் அங்குலம் போதும்.

2024 பிப்ரவரி 25

புதிய அறிக்கை வந்திருக்கிறது. தண்ணீர்க் கணக்கில் 5.9. க்ளோவர் கணுக்கால் உயரம், பச்சை.

இன்னும் ஒரு டன் போட்டு ஆறரைக்கு ஏற்றட்டுமா என்கிறார். இப்போது வேண்டாம். போன மார்ச்சில் போட்டதில் சொரசொரப்பான பங்கு இன்னும் கரைந்துகொண்டிருக்கும். இரண்டு வருடம் கழித்துச் சோதியுங்கள். அதற்குள் பிஎச்சைக் கீழே இழுப்பது எது என்று கவனியுங்கள்: உரம். ஒரு பவுண்டு தழைச்சத்து யூரியாவாகப் போனால், அது உண்டாக்கும் அமிலத்தை ஈடுகட்ட ஏறத்தாழ 1.8 பவுண்டு சுண்ணாம்பு வேண்டும். அம்மோனியம் சல்பேட்டாகப் போனால் 5.4. க்ளோவருக்குத் தழைச்சத்து உரமே தேவையில்லை. அந்த மூட்டையை வாங்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மார்ச் 3

கூடுதலாக வாங்கிய சில மூட்டைகள் கொட்டகையில் கிடக்கின்றனவாம், கெட்டுப்போகுமா என்று கேட்கிறார். கல் எப்படிக் கெடும்? நனைந்தால் கட்டியாகும், இறைப்பானில் விழாது. தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். டெக்சஸ் நண்பருக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.